மதுரைக் கல்லூரிகளும் காமராசர் பல்கலைக்கழகமும்: சேர்க்குமுன் தெரிந்துகொள்ள

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால், தொழுகை முடிந்து வெளியே வரும்போதே நம்மிடம் கேட்கிறார்கள்: "ஹஜ்ரத், பிள்ளையை யுனிவர்சிட்டியில் சேர்க்கவா, காலேஜில் சேர்க்கவா?" இரண்டும் வேறு வேறு என்ற எண்ணத்திலிருந்து வரும் கேள்வி இது.

மதுரைப் பல்கலைக்கழகம் 1966ல் தொடங்கப்பட்டது. தமிழறிஞர் தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் அதன் முதல் துணைவேந்தர். 1978ல் காமராசர் பெயரைப் பெற்றது. ஆனால் இப்பகுதிக் கல்லூரிகள் பல அதைவிட மூத்தவை. அமெரிக்கன் கல்லூரி 1881ல் பசுமலையில் தோன்றியது. மதுரைக் கல்லூரி 1889, லேடி டோக் 1948, தியாகராசர் 1949, பாத்திமா 1953. நம் சமுதாயத்தவர் உத்தமபாளையத்தில் உருவாக்கிய ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவ்தியா கல்லூரி 1956ல் வந்தது.

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு, டர்ஹாம் போன்ற இடங்களில் கல்லூரி என்பது மாணவர் தங்கி, உண்டு, பழகும் வீடு. தேர்வும் பட்டமும் பல்கலைக்கழகத்துடையவை. நம் ஊரில் பாடம் முழுவதையும் நடத்துவது கல்லூரிதான். பாடத்திட்டம், தேர்வு, பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. உத்தமபாளையத்தில் பி.காம். படிக்கும் பையன் மூன்று வருடமும் பல்கலைக்கழக வாசலை மிதிக்காமலே பட்டதாரி ஆகலாம்.

தன்னாட்சிக் கல்லூரிகள் இன்னொரு வகை. அமெரிக்கன் கல்லூரியும் லேடி டோக்கும் 1978லேயே இந்த உரிமையைப் பெற்றன. பாடத்திட்டமும் வினாத்தாளும் அவர்களுடையவை. பட்டத்தில் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும். இதனால் பாடங்கள் புதுமையாக இருக்கும். ஆனால் நடுவில் வேறு கல்லூரிக்கு மாற நினைத்தால் பாடங்கள் பொருந்தாமல் சிக்கல் வரும். இதைச் சேரும்போது யாரும் சொல்வதில்லை.

நாகமலையை ஒட்டித் தேனி சாலையில் இருக்கும் பல்கலைநகர் வளாகம் பெரும்பாலும் எம்.ஏ., எம்.எஸ்ஸி., ஆய்வு மாணவர்களுக்கானது. உயிரியல் துறைகளுக்கு நல்ல பெயர் உண்டு. தெ.பொ.மீ. பெயரிலேயே நூலகம் இருக்கிறது. பக்கத்தில் சமணர் மலை. மாலையில் வெயில் தாழ்ந்தபின் அந்தப் பக்கம் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் நகரத்துச் சலசலப்பு அங்கே கிடையாது. விடுதியில் தங்கும் பிள்ளைக்குப் படிப்பில் ஆர்வம் இருந்தால் அது நிஃமத், இல்லாவிட்டால் சிறைதான். சில ஆண்டுகளாக அந்த நிறுவனம் நிதி நெருக்கடியிலும் இருக்கிறது. ஆகவே, சேர விரும்பும் துறையில் இப்போது எத்தனை ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்பதை நேரில் போய் விசாரியுங்கள்.

நகரத்துக் கல்லூரிகளில் முதலில் கேட்க வேண்டியது: "இது எய்டட் பிரிவா, செல்ஃப் ஃபைனான்ஸா?" ஒரே கல்லூரி, ஒரே பட்டம், ஆனால் கட்டணத்தில் பெரிய வித்தியாசம். வகுப்பு நேரமும் மாறலாம். காலை ஷிஃப்ட் மதியத்தோடு முடிந்தால் ஜும்ஆவுக்குச் சிரமமில்லை. அமெரிக்கன் கல்லூரியிலிருந்து கோரிப்பாளையம் தர்ஹா பள்ளிவாசல் நடக்கும் தூரம்தான். மற்ற இடங்களில் நேர அட்டவணையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் குறைந்தால் தேர்வெழுதவே தடை வரும். ரமளானில் ஸஹர் முடித்துத் தூங்கி வகுப்பைத் தவறவிடும் பிள்ளைகளுக்கு அத்தாமார்கள் இதை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

பெண்பிள்ளைகளுக்கு லேடி டோக், பாத்திமா, மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி ஆகியவை இருக்கின்றன. அரசுக் கல்லூரியில் கட்டணம் மிகக் குறைவு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவளுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டம். இரண்டாம் வருடத்தில் நிக்காஹ் முடித்துப் படிப்பை நிறுத்தினால் பணமும் நிற்கும், பட்டமும் போகும். மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசும்போதே "கடைசி செமஸ்டர் வரை படிப்பாள்" என்று தெளிவாகச் சொல்லிவிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சொல்லாமல் விட்டு, அரியரோடு வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்களை நாம் பார்த்திருக்கிறோம்.

நாமே மதரஸாவில் ஓதிக்கொண்டு, தபாலில் வந்த பாடப் புத்தகங்களை இஷாவுக்குப் பின் படித்து பி.ஏ. எழுதியவர்கள். வேலைக்குப் போகும் பிள்ளைக்கு அஞ்சல்வழிக் கல்வி இன்றும் ஒரு வழி. ஆனால் நேரில் போய்ப் படிக்க முடிந்தவன் அதைத் தேட வேண்டியதில்லை.

கடைசியாக, 2007 முதல் நமக்குள்ள 3.5 சதவீத இடஒதுக்கீடு. சான்றிதழில் 'முஸ்லிம்' என்று மட்டும் இருந்தால் போதாது. லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), ஷேக், சையது, தக்கினி முஸ்லிம் என்று பட்டியலில் உள்ள பிரிவின் பெயர் இருக்க வேண்டும். விண்ணப்பம் தொடங்கியபின் தாலுகா அலுவலகத்துக்கு ஓடாமல், மார்ச் மாதத்திலேயே வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.