சிறைக்குள் இருப்பவர் எந்த ஊர்க்காரர்?

பாளையங்கோட்டை மத்திய சிறைக்கு உறவினரைப் பார்க்க வந்து காத்துக் கிடக்கும் ஆட்களை, அந்தப் பக்கம் போகிறவர்கள் கவனித்திருப்பீர்கள். சங்கரன்கோவில், கோவில்பட்டி, நாகர்கோவில் என்று எங்கெங்கிருந்தோ பஸ் ஏறி வந்திருப்பார்கள். அப்படி வந்த ஒரு பெரியவர் டீக்கடையில் என்னிடம் கேட்டார்:

"தம்பி, மக்கள்தொகைக் கணக்கெடுக்க வரப் போறாவளாம்லா? எம்பய உள்ள இருக்கான். அவன வீட்டுக் கணக்குல சொல்லணுமா, வேண்டாமா?"

சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. "பாத்துச் சொல்லுதேன்" என்று சமாளித்துவிட்டு வந்தேன். பிறகு தேடிப் படித்ததில் ஒன்று புரிந்தது: அவர் கேட்டது சின்னக் கேள்வியே இல்லை.

முதலில் கொஞ்சம் பழைய கதை. நமக்கு நன்றாகத் தெரிந்த கைதி வ.உ.சி. ஒட்டப்பிடாரத்தில் பிறந்து, தூத்துக்குடியில் கப்பல் விட்டவர். 1908 மார்ச் 12 அன்று கைதாகி, வழக்கு நடந்த காலத்தில் பாளையங்கோட்டைச் சிறையில் இருந்தார். ஜூலை 7 அன்று தண்டனை. பிறகு கோயம்புத்தூர்ச் சிறை. 1910 டிசம்பரில் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றினார்கள். 1912 டிசம்பரில்தான் விடுதலை.

இடையில் 1911 மார்ச் 10 இரவு ஒரு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. அந்தக் காலத்து முறை ஒரே இரவில் எண்ணுவது. அன்று இரவு யார் எங்கே இருக்கிறாரோ அங்கேதான் கணக்கு. அந்த விதிப்படி பார்த்தால் வ.உ.சி.யை எண்ண வேண்டிய இடம் மலபார் மாவட்டத்துக் கண்ணனூர்ச் சிறை. திருநெல்வேலி மாவட்டக் கணக்கில் ஒரு தலை குறைந்திருக்கும்.

அன்றைக்கு அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. வெள்ளைக்காரன் எடுத்த கணக்கு நிர்வாகத்துக்கானது. எந்த ஊரில் எத்தனை பேர், என்ன சாதி, என்ன தொழில் என்று அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது. தலைக்கணக்கை வைத்துத் தொகுதி பிரித்து எல்லாருக்கும் ஓட்டுக் கொடுக்கும் எண்ணமெல்லாம் அவனுக்குக் கிடையாது.

1950இல் அரசியல் சாசனம் வந்ததும் நிலைமை மாறியது. மக்களவை, சட்டமன்றத் தொகுதிகளை மக்கள்தொகைக் கணக்கை வைத்தே பிரிக்க வேண்டும் என்றானது. 1992இல் நிறைவேறிய 74ஆவது திருத்தம், நகராட்சி, மாநகராட்சி அமைப்புகளுக்கும் கடைசியாக வெளியான கணக்கெடுப்பே 'மக்கள்தொகை' என்று வரையறுத்தது. அதாவது தலையை எங்கே எண்ணுகிறோம் என்பது, அதிகாரம் எங்கே போகிறது என்பதையும் தீர்மானிக்க ஆரம்பித்தது.

ஒரே இரவில் எண்ணும் முறையை 1941லேயே விட்டுவிட்டார்கள். இப்போது சில வாரங்கள் எண்ணுகிறார்கள். அந்த நாட்கள் முழுவதும் வீட்டில் இல்லாதவரை வீட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. சிறை, விடுதி, ஆசிரமம் போன்றவற்றுக்கு 'நிறுவனக் குடும்பம்' என்று தனி வகை. ஆக, மாதக்கணக்கில் உள்ளே இருக்கும் சங்கரன்கோவில்காரர் பாளையங்கோட்டைக் கணக்கில்தான் வருவார். 2001 கணக்கெடுப்பின்போது சங்கரன்கோவிலும் திருநெல்வேலி மாவட்டம்தான், அதனால் மாவட்ட எண்ணிக்கையாவது மாறாது. 2019இல் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டது. இனிமேல் அவர் மாவட்டமே மாறிப் போவார்.

சரி, இதுல என்ன வம்பு என்கிறீர்களா? வம்பு அடுத்த சட்டத்தில் இருக்கிறது.

1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, வாக்காளர் 'வழக்கமாக வசிக்கும் இடம்' எது என்று சொல்கிறது. சிறையில் அடைக்கப்பட்டிருக்கிறார் என்ற காரணத்தாலேயே ஒருவரை அந்தச் சிறை இருக்கும் ஊரில் வசிப்பவராகக் கருதக் கூடாது என்கிறது அது. நியாயம்தானே? யாரும் விரும்பிப் போய் அங்கே குடியிருக்கவில்லை. கருணாநிதி இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது 1965இல் பாளையங்கோட்டைச் சிறையில் வைக்கப்பட்டார். அப்போது அவர் தஞ்சாவூர் சட்டமன்ற உறுப்பினர். அவரைப் பாளையங்கோட்டைக்காரர் என்று எவராவது சொல்லியிருப்பார்களா?

அடுத்து 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் 62(5) பிரிவு. சிறையில் இருப்பவர் ஓட்டுப் போட முடியாது. தண்டனை பெற்றவர் மட்டுமில்லை, விசாரணைக் கைதிக்கும் இதே தடைதான். 1997இல் உச்ச நீதிமன்றமும் இது செல்லும் என்றது. தடுப்புக் காவலில் இருப்பவருக்கு மட்டும் தபால் ஓட்டு உண்டு. குண்டர் சட்டத்தில் உள்ளே இருப்பவர் ஓட்டுப் போடலாம், ஜாமீன் கட்ட வழியில்லாமல் திருட்டு வழக்கில் கிடப்பவர் போட முடியாது! நாட்டின் கைதிகளில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் விசாரணைக் கைதிகள் என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கை சொல்கிறது.

இப்போது எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். வாக்காளர் சட்டப்படி அவர் சொந்த ஊர்க்காரர். கணக்கெடுப்புப்படி பாளையங்கோட்டைக்காரர். தொகுதியும் வார்டும் பிரிக்கும்போது எடுத்துக்கொள்வது இரண்டாவதை. ஓட்டோ இரண்டு ஊரிலும் கிடையாது.

பாளையங்கோட்டையில் கல்லூரி விடுதிகளும் நிறைய இருக்கின்றன. விடுதி மாணவரையும் இங்கேதான் எண்ணுகிறார்கள். ஆனால் அவர் விரும்பினால் இங்கே வாக்காளராகப் பதியலாம். தெருவில் நடக்கிறார், தண்ணீர் வரவில்லை என்றால் கவுன்சிலரிடம் போய்க் கேட்கலாம். சிறையில் இருப்பவருக்கு இதில் எதுவுமே இல்லை.

இதன் அளவு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். சட்டமன்றத் தொகுதியில் இது பெரிதாகத் தெரியாது. 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் 7.21 கோடி பேர், 234 தொகுதிகள். ஒரு தொகுதிக்குச் சராசரியாக 3 லட்சத்துக்கு மேல். ஆயிரம் கைதிகள் கூடினாலும் குறைந்தாலும் அதில் கரைந்துவிடும்.

வார்டு அப்படியில்லை. திருநெல்வேலி மாநகராட்சியில் 2011இல் சுமார் 4.74 லட்சம் பேர், 55 வார்டுகள். சராசரி சுமார் 8,600. ஒரு வார்டுக்குள் ஆயிரம் பேர் இருக்கும் சிறை வருகிறது என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். அங்கே வெளியில் குடியிருக்கும் 7,600 பேருக்கு ஒரு கவுன்சிலர், பக்கத்து வார்டில் 8,600 பேருக்கு ஒரு கவுன்சிலர். இங்கே 88 பேரின் குரலுக்கு இருக்கும் எடை, அங்கே 100 பேருக்கு. அந்த வார்டுக்காரர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. மதில் சுவர் அவர்களுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

இடஒதுக்கீட்டையும் இது தொடும். எத்தனை வார்டுகளைப் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்குவது என்பதை அந்த உள்ளாட்சியின் மக்கள்தொகையில் அவர்களுடைய விகிதமே முடிவு செய்கிறது. நாட்டு மக்கள்தொகையில் பட்டியல் சாதியினரின் பங்கைவிடச் சிறையில் அவர்களின் பங்கு அதிகம் என்பதை ஆவணக் காப்பக அறிக்கைகள் தொடர்ந்து காட்டுகின்றன. தாமிரபரணிக் கரை ஊராட்சி ஒன்றிலிருந்து மூன்று பேர் உள்ளே போனால், அந்த ஊராட்சியின் கணக்கில் மூன்று குறைகிறது. இழப்பு ஊர் ஊராகச் சிதறிப் போவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. லாபம் ஒரே இடத்தில் குவிகிறது.

அமெரிக்காவில் இது முற்றிப் போனதற்கு ஒரு சாட்சி உண்டு. ஐயோவா மாநிலத்தில் அனமோசா என்ற சிற்றூர். அதன் நகரமன்ற வார்டு ஒன்றில் கணக்குப்படி சுமார் 1,400 பேர். அவர்களில் சுமார் 1,300 பேர் அங்குள்ள மாநிலச் சிறையின் கைதிகள். 2005இல் அந்த வார்டுக்கு ஒருவர் வெறும் இரண்டே ஓட்டில் உறுப்பினரானார். ஓட்டில்லாதவர்களை எண்ணி மற்றவர்களுக்குப் பலம் சேர்ப்பது அந்த நாட்டுக்குப் புதிதில்லை. 1787இல் எழுதிய சாசனத்தில், அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கை எண்ணித் தென்மாநிலங்களுக்குப் பிரதிநிதிகளைக் கூட்டிக் கொடுத்தவர்கள் அவர்கள். பிறகு 2010இல் மேரிலாந்தும் நியூயார்க்கும் சட்டம் போட்டன: தொகுதி பிரிக்கும்போது கைதியைச் சொந்த முகவரியில் சேர்க்க வேண்டும் என்று. அனமோசாவும் அந்த வார்டு முறையைக் கைவிட்டது.

நம்மூரில் இந்த அளவுக்குக் கோளாறு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சரிசெய்ய இதைவிட நல்ல நேரம் கிடையாது. 2027 மார்ச் 1ஐ ஆதார நாளாக வைத்துக் கணக்கெடுப்பு நடக்கும் என்று 2025 ஜூனில் அறிவிக்கை வந்தது. மக்களவை, சட்டமன்ற இடங்களின் எண்ணிக்கையை அரசியல் சாசனம் நிறுத்தி வைத்திருப்பதும், 2026க்குப் பின் எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வரும்வரை என்றுதான். மாநிலத்துக்கு எத்தனை இடம் என்று எல்லாரும் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். கூடவே, கணக்கெடுக்கிறவர் சிறைக்குள் போகும்போது "உங்க சொந்த ஊர் முகவரி என்ன?" என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்கலாம். வார்டு பிரிக்கும்போது அந்த முகவரியில் சேர்த்தால் போதும். வாக்காளர் சட்டம் 1950லேயே ஏற்றுக்கொண்ட நியாயம்தான் இது.

அந்தப் பெரியவரை மறுபடி பார்த்தால் சொல்ல வேண்டியதைத் தயாராக வைத்திருக்கிறேன். வீட்டுக் கணக்கில் மகனைச் சொல்ல வேண்டாம் ஐயா, உள்ளேயே எண்ணிவிடுவார்கள். ஆனால் ஊர் வாக்காளர் பட்டியலில் அவன் பேர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பதால் ஓட்டுப் போட முடியாதே தவிர, பட்டியலில் பேர் உள்ளவர் வாக்காளர் இல்லையென்று ஆகிவிட மாட்டார் என்று 2013இல் சட்டத் திருத்தமே வந்திருக்கிறது. இப்போதைக்கு அவன் உங்க ஊர்க்காரன்தான் என்று அரசாங்கம் ஒத்துக்கொள்ளும் காகிதம் அது.