குப்பை வாயுவும் மின்சாரத்தின் விலையும்

குப்பை என்றாலே மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போவது மனிதர் இயல்பு. அந்தக் குப்பையினின்று விளக்கு எரியும் என்று கேள்விப்பட்டால், "செலவில்லாத மின்சாரமாயிற்றே!" என்று பலர் வியப்பர். விலையின்றிக் கிடைப்பது வாயு மட்டுமே; மின்சாரம் அன்று. இவ்வுண்மையை அத்தொழிலின் வரலாறே நமக்குக் காட்டுகிறது.

மண்ணில் புதையுண்ட உணவுக் கழிவும் காகிதமும் காற்றுப் புகாத இடத்தில் அழுகும்போது, நுண்ணுயிர்கள் ஒரு வாயுவை உண்டாக்குகின்றன. அதில் ஏறத்தாழப் பாதி மீத்தேன். மீதி பெரும்பாலும் கரியமிலவாயு. மீத்தேன் நன்கு எரியும். ஆயினும், அதைப் பிடிக்கக் குப்பைமேட்டில் கிணறுபோல் துளையிட்டுக் குழாய் இறக்க வேண்டும். இயந்திரத்தை அரிக்கும் கந்தகப் பொருள்களையும் நீக்க வேண்டும். மேடு மூடப்பட்ட பின்னர் வாயுவோ ஆண்டுக்காண்டு குறையும். ஆகவே, போட்ட முதலைக் குறித்த காலத்துக்குள் எடுத்தாக வேண்டும்.

1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி உலகின் கண்களைத் திறந்தது. 1975இல் கலிபோர்னியாவின் பாலோஸ் வெர்டேஸ் குப்பைமேட்டு வாயுவைச் சுத்திகரித்து விற்கத் தொடங்கினர். சிறு உற்பத்தியாளரின் மின்சாரத்தை மின் நிறுவனங்கள் வாங்கியே தீரவேண்டும் என்று 1978இல் அமெரிக்கச் சட்டம் விதித்தது. 1980இல் வரிச்சலுகையும் கிடைத்தது. இவற்றின் துணையால்தான் அங்கு இத்தொழில் வேரூன்றிற்று.

இனி, மலேசியாவின் கதையைக் காண்போம். 2001இல் அரசாங்கம் சிறிய புதுப்பிக்கத்தக்க மின்திட்டத்தைத் தொடங்கியது. 2004இல் பூச்சோங்கிலுள்ள ஆயர் ஈத்தாம் குப்பைமேட்டில் 2 மெகாவாட் நிலையம் இயங்கத் தொடங்கியது. அத்திட்டத்தின் தொடக்கத்தில், ஒரு யூனிட்டுக்குத் தரப்பட்ட உச்ச விலை 17 காசு. 2011ஆம் ஆண்டின் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டத்தின் பின்னரோ, 4 மெகாவாட் வரையிலான நிலையத்துக்கு அடிப்படை விலை தொடக்கத்தில் 32 காசாக இருந்தது. குப்பை வாயுவுக்கென மேலும் 8 காசு. ஆக 40 காசு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2 மெகாவாட் நிலையம் ஆண்டுக்கு 8,000 மணி நேரம் ஓடினால், 1 கோடியே 60 இலட்சம் யூனிட் கிடைக்கும். 17 காசு வீதம் வருமானம் 27 இலட்சத்து 20 ஆயிரம் வெள்ளி. 40 காசு வீதம் 64 இலட்சம் வெள்ளி. வாயுவும் ஒன்றே, இயந்திரமும் ஒன்றே. சட்டம் ஒன்றே வேறு!

இந்த மிகுதிப் பணத்தைத் தருபவர் யார்? மின் கட்டணத்தோடு நூற்றுக்கு 1 வீதம் வசூலிக்கப்பட்டு, 2014இல் 1.6 ஆக உயர்த்தப்பட்ட நிதியே அதற்கு மூலம். மாதம் 300 யூனிட்டுக்கு மேற்படாத வீடுகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டதால், ஏழைக் குடும்பங்கள் பல தப்பின.

இது தண்டச்செலவோ எனில், அன்று. மீத்தேன் காற்றில் கலந்தால், நூறாண்டுக் கணக்கில் கரியமிலவாயுவைப்போல் இருபத்தைந்து மடங்குக்கும் மேலாகப் பூமியைச் சூடாக்கும். அக்கேட்டின் விலை எந்தச் சந்தைக் கணக்கிலும் தானாக ஏறுவதில்லை. 1997ஆம் ஆண்டு கியோத்தோ உடன்படிக்கை அதற்கொரு விலை வைத்தது. 2012க்குள் அவ்விலையும் சரிந்து வீழ்ந்தது. உலகச் சந்தையை நம்பியோர் கைவிடப்பட்டனர். உள்நாட்டுச் சட்டத்தை நம்பியோர் நிலைத்தனர்.

குப்பையை உண்டாக்கியவர்கள் நாம். அதன் கேட்டை நீக்கும் செலவில் ஒரு பங்கை ஏற்பதும் நம் கடமையே அன்றோ!