திறக்கக் கூடாதென்று செய்த பெட்டி

ஓய்வு பெற்ற பிறகு சிலர் தோட்டம் போடுகிறார்கள், சிலர் கோயில் கோயிலாகப் போகிறார்கள். நான் பழைய மேக்கின்டோஷ் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்க்கிறேன். "இதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்பவர்களுக்காக அந்தப் பெட்டியின் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன்.

அமெரிக்காவின் ஆப்பிள் நிறுவனம் முதல் மேக்கின்டோஷை 1984 ஜனவரி 24 அன்று வெளியிட்டது. விலை 2,495 டாலர். 9 அங்குலக் கறுப்பு வெள்ளைத் திரை, ஃப்ளாப்பி டிரைவ், மதர்போர்டு எல்லாம் ஒரே பெட்டிக்குள். மேலே தூக்கிச் செல்லக் கைப்பிடிக் குழி. நினைவகம் 128 கிலோபைட். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவுக்கே அது போதாது.

அதற்கு முன் ஸ்டீவ் வாஸ்னியாக் வடிவமைத்த ஆப்பிள் 2-இன் மூடியைக் கையாலேயே கழற்றலாம். உள்ளே 8 ஸ்லாட்டுகள் இருக்கும்; வேண்டிய கார்டைச் செருகிக்கொள்ளலாம். ஸ்டீவ் ஜாப்ஸ் இதற்கு நேர்மாறு. வாங்கியவர் உள்ளே கை வைக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். அதனால் மேக்கின்டோஷுக்கு நட்சத்திரத் தலை கொண்ட டார்க்ஸ் ஸ்க்ரூக்களைப் போட்டார்கள். அவற்றில் இரண்டு கைப்பிடிக் குழிக்குள் ஆழத்தில் இருக்கும்; நீளமான ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் எட்டாது.

ஆனால் திறந்து பார்த்தால் ஒரு வேடிக்கை. பின்மூடியின் உட்புறத்தில் கையெழுத்துகள் பொறித்திருக்கும். ஓவியர் தன் படத்தில் கையெழுத்துப் போடுவதுபோல, 1982-லேயே குழுவினர் எல்லோரையும் கையெழுத்திட வைத்து அதை அச்சில் ஏற்றியிருந்தார்கள். யாரும் பார்க்கக் கூடாத இடத்தில் அத்தனை பேர் கையெழுத்து!

ஜாப்ஸுக்கு மின்விசிறிச் சத்தமும் பிடிக்காது. 1986-இல் வந்த மேக்கின்டோஷ் பிளஸ் வரை விசிறியே கிடையாது. 1987-இல் எஸ்இ மாடல் வந்தபோதுதான் விசிறி வைத்தார்கள். அந்தச் சூட்டில் பவர் சப்ளை போர்டின் சால்டர் பற்றுகள் நாளடைவில் விரிசல் விடும். திரை முழுவதும் அணைந்து நடுவில் செங்குத்தாக ஒரே ஒரு வெள்ளைக் கோடு மட்டும் நிற்கும். கறுப்பு வெள்ளை டிவி வைத்திருந்தவர்களுக்கு இது புதிதல்ல. பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினால் படம் வருமே, அதே வியாதிதான். பற்று விட்ட இடத்தில் மறுபடி சால்டர் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒரு எச்சரிக்கை: பிக்சர் டியூபுக்குப் போவது பல ஆயிரம் வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் மின்சாரம் தங்கியிருக்கலாம். அதை முறையாக இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

பூட்டி வைத்தாலும் ஆட்கள் திறந்துகொண்டேதான் இருந்தார்கள். லாரி பினா என்பவர் 1992-இல் 'தி டெட் மேக் ஸ்க்ரோல்ஸ்' என்று புத்தகமே எழுதினார். இந்த அறிகுறி தெரிந்தால் இந்தப் பாகத்தை மாற்று என்று வைத்தியக் குறிப்புபோல இருக்கும். போர்டையே மாற்றச் சொன்ன காலத்தில், சின்னப் பாகம் ஒன்றை மாற்றினால் போதும் என்று காட்டியவர் அவர்.

சால்டர் விரிசல் சூட்டால் வந்தது. இப்போது இந்தப் பெட்டிகளைக் கொல்வது வேறு. உழைத்துக் கெட்டது கொஞ்சம். சும்மா கிடந்து கெட்டதுதான் அதிகம். 1989-இல் வந்த எஸ்இ/30 மாடலைப் பாருங்கள். அதன் மதர்போர்டில் உள்ள சிறு கெப்பாசிட்டர்கள் வயதானால் கசியும். முதலில் ஒலி மங்கும். பிறகு திரையில் கோடுகோடாக வந்து அப்படியே நின்றுவிடும். போர்டைக் கழுவிப் புதிய கெப்பாசிட்டர் போட்டால் பல பெட்டிகள் பிழைத்துவிடும். கடிகாரத்துக்காக வைத்த சின்ன லித்தியம் பேட்டரி கசிந்தால் கதை வேறு. அது செப்புத் தடங்களையே தின்றுவிடும்.

என்னிடம் இரண்டு எஸ்இ/30 வந்தன. ஒன்றைப் பரணில் ஏற்றும் முன் அதன் சொந்தக்காரர் பேட்டரியைக் கழற்றியிருந்தார். கெப்பாசிட்டர்களை மாற்றியதும் ஒலியெழுப்பி எழுந்து, திரையில் சிரித்த முகம் காட்டியது. இன்னொன்றில் பேட்டரி உள்ளேயே கிடந்தது. போர்டில் பச்சைப் பூஞ்சைபோல் அரிப்பு. தொட்ட இடத்தில் சிப்களின் கால்கள் உதிர்ந்தன. ஒரு மாதம் மெல்லிய கம்பி இழுத்து ஒட்டிப் பார்த்தேன். உயிர் வரவில்லை. இரண்டுக்கும் ஒரே வயது. வித்தியாசம் விரல் நுனியளவு பேட்டரிதான்.

உங்கள் வீட்டுப் பரணில் மேக்கின்டோஷ் இருக்காது. ஆனால் ரேடியோ, டேப்ரெக்கார்டர், பேரன் விளையாடிய பொம்மை ஏதாவது இருக்கும். இந்த வாரம் ஒருநாள் இறக்கி, உள்ளே இருக்கும் பேட்டரியை எடுத்துவிடுங்கள். பழுது பார்ப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.