கையில் போன் இருந்தால் ஏழை இல்லையா?

தில்லியில் நம்மவர்கள் நாலு பேர் கல்யாணத்திலோ கோயிலிலோ கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. "எங்க வீட்டுல வேலை செய்யற அம்மா கையில இருக்கிற போனைப் பார்த்தீங்களா? அவங்க ஏழைன்னா நாம யாருங்க?" உடனே ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை விடுங்கள். பொருளைப் பார்த்து ஆளை எடைபோடும் இந்த அளவுகோல் நம் வீட்டு ஹாலில் பிறந்ததல்ல. அரசாங்கமே ஏழைகளை இப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தது.

1997-இல் கிராமங்களில் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களைக் கணக்கெடுத்தபோது, வீட்டில் சீலிங் ஃபேன் இருந்தாலே பெயர் அடிபட்டுவிடும். டிவி இருந்தாலும் அதே கதி. (பத்து வருஷம் கழித்துத் தமிழ்நாட்டில் அரசே வீட்டுக்கு வீடு கலர் டிவி கொடுத்தது!) 2011 கணக்கெடுப்பில் ஃபேனுக்கு மன்னிப்பு கிடைத்தது, ஆனால் லேண்ட்லைன் போனும் ஃபிரிட்ஜும் பட்டியலில் இருந்தன. நகரத்து ஏழைகளை அடையாளம் காண்பது எப்படி என்று திட்டக் கமிஷன் அமைத்த ஹாஷிம் குழு 2012 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. கார், ஏசி, இண்டர்நெட்டோடு கம்ப்யூட்டர், இவற்றில் ஒன்று இருந்தாலும் வெளியே. ஃபிரிட்ஜ், லேண்ட்லைன், வாஷிங் மெஷின், இருசக்கர வண்டி, இந்த நாலில் மூன்று இருந்தாலும் வெளியே.

கவனித்தீர்களா, விலக்கும் பட்டியலில் செல்போன் இல்லை. நம்மூர் ஆசாமிகளைவிட அதிகாரிகள் இந்த ஒரு விஷயத்தில் தெளிவாக இருந்திருக்கிறார்கள்.

செல்போன் பணக்காரச் சாமானாக இருந்த காலம் உண்டுதான். 1995 ஜூலை 31-ஆம் தேதி கொல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு தில்லியில் இருந்த அமைச்சர் சுக்ராமுடன் பேசியதுதான் நாட்டின் முதல் செல்போன் அழைப்பு. அப்போதெல்லாம் நமக்கு வரும் அழைப்புக்கும் நாம்தான் காசு கட்ட வேண்டும். 2003-இல் அது இலவசமானது. டார்ச் வைத்த நோக்கியா 1100 வந்ததும் அதே வருஷம்தான். பிளம்பருக்கும் பெயிண்டருக்கும் ஒரு நம்பர் கிடைத்தது, நம்பர் இருந்தால் வேலை கிடைத்தது. நம் மனசில் மட்டும் அது இன்னும் சுக்ராம் காலத்துப் போன்.

2011 சென்சஸ்படி நூறு வீடுகளில் செல்போன் இருந்தது சுமார் 59-இல், வீட்டோடு கழிப்பறை இருந்தது 47-இல். "கக்கூஸ் கட்ட மாட்டான், போன் மட்டும் வாங்குவான்" என்று இதைச் சொல்லாத ஆளில்லை. கழிப்பறைக்குச் சொந்த நிலம் வேண்டும், தண்ணீர் வேண்டும், சாக்கடை வேண்டும். தில்லி ஜுக்கியில் நிலம் பெரும்பாலும் ரயில்வேயுடையது அல்லது டிடிஏ-வுடையது. புல்டோசர் வந்தால் போனைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பலாம், கழிப்பறையைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? (நகரத்தில் ஒரு நாளைக்கு 32 ரூபாய் செலவழித்தால் ஏழையில்லை என்று 2011-இல் உச்ச நீதிமன்றத்தில் சொன்ன அதே திட்டக் கமிஷன், தன் அலுவலகத்தில் இரண்டு கழிப்பறைகளைப் புதுப்பிக்க 35 லட்சம் செலவழித்தது 2012-இல் வெளிவந்தது. ஹூம்.)

பிறகு 2020 வந்தது. ஊரடங்கில் ரேஷன் கார்டு இல்லாதவர்களுக்கும் அரிசி கோதுமை தருவதாகத் தில்லி அரசு அறிவித்தது. அதற்கு இ-கூப்பன் வேண்டும். வெப்சைட்டில் விண்ணப்பிக்க வேண்டும், ஆதாரை ஏற்ற வேண்டும், போனுக்கு ஓடிபி வரும். அதாவது, ஏழை என்று நிரூபிக்கவே போன் தேவைப்பட்டது! பள்ளிக்கூடமும் போனுக்குள் போனது. ஏழை மாணவர்களுக்குப் பள்ளிகளே கருவி வாங்கித்தர வேண்டும் என்று 2020 செப்டம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. அந்தக் குழந்தைகள் அம்மாவின் போனில்தான் படித்தார்கள், அம்மா வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகு.

ஜங்புராவில் பாராபுல்லா நாலாவை ஒட்டியிருந்த மதராஸி கேம்ப் நம் தமிழ் ஜனங்கள் பல பத்தாண்டுகள் வாழ்ந்த இடம். 2025 ஜூன் 1-ஆம் தேதி அதை இடித்துத் தள்ளினார்கள். தகுதி உண்டு என்று சொல்லப்பட்ட குடும்பங்களுக்கு நகரத்தின் வடகோடியில் நரேலாவில் வீடு, மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. அந்தப் பெண்களில் பலர் வேலை செய்தது ஜங்புரா சுற்றுவட்டாரத்து வீடுகளில்தான். "அக்கா, நாளையிலேர்ந்து வர முடியாது" என்று சொல்வதற்கும் இனி அந்தப் போன்தான்.