வெளியும் வழியும்

செஞ்சிக்கு அருகே அமைந்த மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணர்தம் மடம் விளங்கும் ஊர். அம்மரபு அண்டத்தைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்துள்ளது. பொன்னூர் மலையோடு இணைத்துப் போற்றப்படும் குந்தகுந்தரின் பஞ்சாஸ்திகாயத்தைப் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி 1920இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஆகாயம் இடம் தரும். இயங்குவதற்குத் துணையாவதோ தர்மம் என்னும் வேறொரு பொருள், மீனுக்கு நீர் போல. உலகிற்கு அப்பாலும் வெளி உண்டு. ஆயினும் தர்மம் அங்கு இன்மையால் செலவும் இல்லை என்பது அந்நூற் கொள்கை.

வெளி இருப்பதனாலேயே வழி இருந்துவிடுமா? இவ்வினா இருபதாம் நூற்றாண்டு இயற்பியலிலும் எழுந்தது. 1935இல் ஐன்ஸ்டைனும் ரோசனும் வெளியின் இரு பகுதிகளை இணைக்கும் பாலமொன்றைச் சமன்பாடுகளில் கண்டனர். 1957இல் அதற்குப் புழுத்துளை என்னும் பெயர் வந்தது. ஒளி கடக்குமுன்பே அப்பாலம் ஒடுங்கிவிடும் என 1962இல் ஃபுல்லரும் வீலரும் நிறுவினர்.

1988இல் மாரிசும் தோர்னும் கடக்கத்தக்க புழுத்துளையை வகுத்தனர். ஆனால் அதன் கழுத்தைத் திறந்து வைக்க எதிர்மறை ஆற்றல் வேண்டியிருந்தது. காரணத்தை, கொல்கத்தாவின் அமல்குமார் ராய்சௌதுரி 1955இல் வெளியிட்ட சமன்பாடு விளக்கும். சாதாரணப் பொருளின் ஈர்ப்பு அண்மைப் பாதைகளை ஒன்றையொன்று நெருங்கச் செய்யும். புழுத்துளையிலோ, குவிந்து நுழைந்த ஒளிக்கதிர்கள் மறுபுறம் விரிந்து வெளிவர வேண்டும். அவற்றை விரிக்கச் சாதாரணப் பொருளால் இயலாது.

அண்டமே விரிந்துகொண்டிருந்தால்? 1994இல் இந்திய இயற்பியலாளர் சாயன் கர் இதனை ஆராய்ந்தார். விரிவு தக்கவாறு அமையின், ஆற்றல் நிபந்தனையை மீறாமலே புழுத்துளை ஒரு கால எல்லைக்குள் நிலைக்கும் என்று காட்டினார். 1996இல் தேஷ்தீப் சகதேவுடன் அவ்வாய்வை விரித்தார். 1998இல் ஹோக்பெர்கும் விசரும் மறுமொழி தந்தனர்: கழுத்தை ஒளிக்கதிர்களைக் கொண்டு வரையறுத்தால், இயங்கும் புழுத்துளையிலும் மீறல் தவிராது. ஆக, கழுத்து எதுவென வரையறுப்பதிலேயே வழக்கின் முடிவு தங்கிற்று. புழுத்துளை எதுவும் இன்றுவரை காணப்படவில்லை.

முன்னோர் புழுத்துளையை அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுவது இரு தரப்புக்கும் நீதியன்று. சமணர் கண்ட உலகு விரிவதன்று. தர்மம் ஆற்றலும் அன்று. எனினும் இருப்பு வேறு, இயக்கம் வேறு எனப் பகுத்து, இயக்கத்திற்குத் தனிக் காரணம் தேடிய நுண்மை அவர்களுடையது. விடைகள் வேறாயினும் அவ்வினாவின் கூர்மை இன்றும் மழுங்கவில்லை.