நரம்பணு இழைகளில் உப்பின் பங்கு: மின்விசை நோக்கில் ஓர் ஆய்வு

1. முன்னுரை

முதுகெலும்பிகளின் நரம்பணுவிலிருந்து நீளும் ஆக்ஸானுக்கு உரமூட்டுபவை நியூரோஃபிலமென்ட் எனப்படும் புரத இழைகள். இவற்றின் விட்டம் சுமார் 10 நானோமீட்டர். மயலின் உறையுள்ள ஆக்ஸானில் மின்துடிப்பு பாயும் வேகம் அதன் பருமனைப் பொறுத்தது. பருமனோ பெரிதும் இவ்விழைகளைப் பொறுத்தது. ஜப்பானில் கண்டறியப்பட்ட, இவ்விழைகள் அற்ற காடை வகையில் ஆக்ஸான்கள் மெலிந்திருந்தன. பறவைகளுக்கு நடுக்கமும் இருந்தது. இழை உருவாகும்போது உப்பு செய்யும் வேலை வேறு, உருவான இழைகளுக்கிடையே அது செய்யும் வேலை வேறு என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

2. இழை உருவாக்கம்

என்எஃப்-எல், என்எஃப்-எம், என்எஃப்-எச் ஆகியவை இழையின் முதன்மைப் புரதங்கள். ஒவ்வொன்றிலும் தலை, சுமார் 310 அமினோ அமிலங்கள் கொண்ட தண்டு, வால் என மூன்று பகுதிகள் உண்டு. இரு தண்டுகள் முறுக்கிக்கொண்டு இரட்டையாகின்றன. இரண்டு இரட்டைகள் எதிரெதிர்த் திசையில் இணைந்து நான்மம் ஆகின்றன. தண்டில் எதிர்மின்னூட்டம் மிகுதி. தலையில் நேர்மின்னூட்டம் மிகுதி. உப்புக் குறைந்த கரைசலில், தண்டுகளுக்கிடையேயான விலக்கத்தால் இணைப்பு பெரும்பாலும் நான்ம நிலையிலேயே நின்றுவிடுகிறது. உப்பைக் கூட்டினால் விலக்கம் தணிந்து நீண்ட இழை வளர்கிறது.

3. பக்கக் கரங்கள்

3.1 மின்திரை: பக்கக் கரங்கள் எனப்படும் இப்புரதங்களின் வால்கள் நிலையான வடிவமின்றி இழையைச் சுற்றித் தூரிகை மயிர்போல் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு மின்னூட்டத்தின் தாக்கம் கரைசலில் எவ்வளவு தொலைவு எட்டும் என்பதை, 1923இல் டிபையும் ஹக்கலும் வகுத்த கோட்பாட்டால் கணக்கிடலாம். ஒற்றை மின்னூட்ட உப்பு 10 மில்லிமோலார் அளவில் இருந்தால் அத்தொலைவு சுமார் 3 நானோமீட்டர். 150 மில்லிமோலாரில் 0.8 நானோமீட்டர் மட்டுமே.

3.2 விலக்கமும் ஈர்ப்பும்: வால்களில் இருவகை மின்னூட்டங்களும் கலந்துள்ளன. ஆகவே உப்பு விலக்கத்தை மட்டுமன்றி, அண்டை வால்களின் எதிரெதிர் மின்னூட்டங்களுக்கிடையேயான ஈர்ப்பையும் தணிக்கிறது. எது மேலோங்கும் என்பது மூன்று புரதங்களின் விகிதத்தைப் பொறுத்தது.

3.3 அயனியின் இயல்பு: உப்பின் அளவு மட்டும் போதாது, அயனியின் மின்னூட்டமும் முக்கியம். மக்னீசியம், கால்சியம் போன்ற இரட்டை மின்னூட்ட அயனிகள் இழைகளுக்கிடையே பாலமாகி, வலையை இறுகிய கூழாக்குகின்றன.

4. பாஸ்பேட் ஏற்றம்

உயிரணு தன் உப்பளவை விருப்பம்போல் மாற்ற இயலாது. அதனிடமுள்ள மாற்றுவழி, வாலில் பாஸ்பேட்டை ஏற்றி எதிர்மின்னூட்டத்தைக் கூட்டுவது. மனித என்எஃப்-எச் வாலில் லைசின், செரின், புரோலின் என்னும் தொடர் நாற்பதுக்கும் மேற்பட்ட முறை வருகிறது. அங்குள்ள செரின்களில் பாஸ்பேட் ஏறுகிறது. மயலின் இல்லாத ரேன்வியர் கணுக்களில் பாஸ்பேட் ஏற்றம் குறைவு. அங்கே இழைகள் நெருங்கி, ஆக்ஸானும் ஒடுங்கியிருக்கிறது.

இதைக் கொண்டு பாஸ்பேட்டே பருமனை நிர்ணயிக்கிறது என முடிவுகட்டுவது பொருந்தாது. எலிகளில் என்எஃப்-எம் வாலை நீக்கியபோது ஆக்ஸானின் பருமன் குறைந்தது. ஆனால் வாலை விட்டுவைத்து, அதிலுள்ள இத்தொடர்களில் பாஸ்பேட் ஏறாதபடி மட்டும் மாற்றியபோது பருமன் வளர்ச்சி தடைபடவில்லை என 2009இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

5. முடிவுரை

உப்பு இழையைக் கட்டத் துணைபுரிகிறது. கட்டிய பின் இழைகளுக்கிடையேயான விசைகளைத் தணிக்கிறது. இரட்டை மின்னூட்ட அயனியாக வந்தால் அவற்றைப் பிணைக்கிறது. சோதனைக் குழாயில் தெளிவாகும் இவ்விதிகள் ஆக்ஸானின் பருமனை முழுமையாக விளக்கவில்லை. பருமனுக்கு வால் தேவை என்பது உறுதி. வாலின் பாஸ்பேட் மட்டுமே அதற்குக் காரணம் என்னும் பழைய கருத்து இனி நிற்காது.