ஸ்பிதி பள்ளத்தாக்கு

இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல்-ஸ்பிதி மாவட்டத்தில், திபெத் எல்லையை ஒட்டிக் கிடக்கும் குளிர்ப் பாலைவனம் ஸ்பிதி. மழைமறைவுப் பகுதி என்பதால்தான் மண் சுவரால் எழுப்பிய பௌத்த மடங்கள் இங்கே நூற்றாண்டுகளைத் தாண்டி நிற்கின்றன. தலைமையிடமான காஸாவுக்கு இரண்டு சாலைகள் உண்டு: மணாலியிலிருந்து குன்சூம் கணவாய் (4,551 மீ) வழியே சுமார் 200 கி.மீ.; சிம்லாவிலிருந்து கின்னௌர் வழியே 400 கி.மீ.க்கு மேல். கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டர்கூட உயரமில்லாத ராணிப்பேட்டை போன்ற ஊர்களிலிருந்து முதன்முறை போகிறவர்களுக்கு நீண்ட சாலையே ஏற்றது.

மணாலியின் உயரம் 2,050 மீ. அங்கே காலையில் கிளம்புகிறவர் அன்றே குன்சூமைக் கடந்து, 3,650 மீட்டரிலுள்ள காஸாவில் படுக்கிறார். 3,000 மீட்டருக்கு மேல் போனால், இரவு தங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் வழிகாட்டல். சிம்லா சாலையில் கல்பா (2,960 மீ), தாபோ (3,280 மீ), காஸா என்று தங்கிப் போனால் அந்த வரம்பு மீறப்படுவதில்லை. காஸாவுக்கு அருகே 4,166 மீட்டரிலுள்ள கீ மடத்தைப் பகலில் பார்த்துவிட்டுக் கீழே இறங்கிவிடலாம். மணாலிச் சாலையில் 2020இல் திறந்த அடல் சுரங்கப்பாதை ரோதாங் கணவாயைத்தான் தவிர்த்தது. குன்சூம் அப்படியே இருக்கிறது. பயணம் விரைவானதால் உடல் பழகும் நேரம் குறைந்ததே மிச்சம். உயரத்துக்கு உடல் பழகாததால் வரும் மலைநோயை இளமையும் உடற்பயிற்சியும் தடுப்பதில்லை.

மெதுவாகப் போவதில் வேறொரு ஆதாயமும் உண்டு. குகே நாட்டு அரசர் யேஷே ஓ 996இல் நிறுவிய தாபோ மடம், இன்றும் வழிபாடு நடக்கும் மிகப் பழைய இமயமலை மடங்களில் ஒன்று. 1975 நிலநடுக்கத்தில் சேதமடைந்தும் அதன் சுவரோவியங்களும் சுதைச் சிற்பங்களும் பிழைத்தன. இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. மணாலி வழி வருகிறவருக்கு இது காஸாவைத் தாண்டி ஏறத்தாழ 50 கி.மீ. தள்ளியிருக்கிறது. விடுமுறை போதாதபோது முதலில் விடுபடுவது இதுதான்.

கின்னௌர் சாலை நிலச்சரிவுக்குப் பேர்போனதாயிற்றே என்பார்கள். உண்மைதான், 2021 ஆகஸ்டில் நிகுல்சாரியில் பாறைகள் சரிந்து 28 பேர் இறந்தனர். ஆனால் அந்த ஆபத்து மழை மாதங்களில்தான் மிகுதி; செப்டம்பர் பிற்பகுதியில் போனால் பெருமளவு குறையும். உடல் பழகிவிட்ட பின், பனி மூடுமுன் குன்சூம் வழியே மணாலிக்கு இறங்குவதில் உயரச் சிக்கலும் இல்லை. இந்தியர்களுக்கு அனுமதிச் சீட்டு தேவையில்லை. சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உறவினரும் கூட வந்தால், கின்னௌரின் ரெக்காங் பியோவிலேயே அவர்களுக்கு எல்லைப்பகுதி அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும்.